பாட்டின் நடுவே ஒரு குரல்

“ஒரிஜினல் வேண்டாங்க. திருட்டுக் காப்பிதான் வேணும்.”

யாருடைய போனுக்கோ டெம்பர் கிளாஸ் ஒட்டிக்கொண்டிருந்த காளியண்ணனுக்குக் கை நழுவியது. கண்ணாடிக்கடியில் ஒரு காற்றுக்குமிழ் நின்றுவிட்டது.

திருச்செங்கோடு பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் அவன் கடைக்கு வந்து, இப்படிப் பட்டவர்த்தனமாக யாரும் கேட்டதில்லை. அதுவும் பாட்டு ஏற்றித் தரும் தொழிலை அவன் தலைமுழுகிப் பல வருடங்கள் ஆன பிறகு.

அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். கழுத்தில் சின்னதாக ஒரு சிலுவை. பெயர் ஜோஸ்லினாம், சேலத்திலிருந்து வருகிறாளாம். கேட்டதோ, அவன் ஜென்மத்துக்கும் மறக்க முடியாத ஒரு மாதா பாட்டு.

பாட்டுக் கம்பெனிக்காரன் எவனோ ஆழம் பார்க்க ஆள் அனுப்பியிருக்கிறான் என்றே நினைத்தான்.

“அந்தத் தொழில உட்டுட்டனுங்க அம்மணி. அந்தப் பாட்டு இப்ப போன்லயே சும்மா கெடைக்குதுங்களே. சுத்தமா இருக்கும். போட்டுத் தரட்டுங்களா?”

“அது எங்ககிட்ட இருக்குங்க. நடுநடுவுல ஒருத்தர் பேசுவாரே, அதுதான் வேணும்.”

அந்த ஒருத்தரால்தான் காளியண்ணன் அந்தத் தொழிலையே விட்டான்.

ரிக் வண்டியேறி வடக்கே போர்வெல் போடப் போகிறவர்கள் ஊர் திரும்ப மாதக்கணக்காகும். போவதற்கு முன்பு இவன் கடையில்தான் பென்டிரைவ் நிறையப் பாட்டு ஏற்றிக்கொள்வார்கள். கும்பிடுவது மலைமேல் இருக்கிற சாமியைத்தான். ஆனாலும் மகன் வரும்வரை விளக்கை அணைக்காத தாயைப் பற்றிய அந்த மாதா பாட்டு இல்லாமல் ஒரு வண்டியும் கிளம்பாது.

அதை எழுதி மெட்டுப் போட்டவர் சேலத்துப் பாட்டு வாத்தியார் தோமினிக். பாடியது வேறு ஆள். சிடி வெளியிடும் முன், சர்ச்சுகளுக்குக் கேட்டுப் பார்க்கக் கொடுத்த பிரதியில் சரணத்துக்குச் சரணம் தன் குரலைப் பூட்டாகப் போட்டு வைத்திருந்தார்.

‘இது மாதிரிப் பாடல். அனுமதியின்றி நகல் எடுக்காதீர்கள்.’

காளியண்ணன் கையில் சிக்கியது அந்தப் பிரதிதான். குரலை வெட்டியெடுக்க என்னென்னவோ செய்து பார்த்தான். வெட்டினால் பாட்டும் சேர்ந்து போனது. சனியன் இருந்துவிட்டுப் போகட்டும் என்று அப்படியே ஏற்றிக் கொடுத்தான். டிரைவர்கள் அந்த எச்சரிக்கையையும் சேர்த்தே பாடிக்கொண்டு போனார்கள்.

ஒருநாள் தோமினிக்கே போலீசோடு வந்து நின்றார்.

“நான் ஏத்தலைன்னா உங்க பாட்டு சேலத்தையே தாண்டியிருக்காதுங்க” என்றான் காளியண்ணன்.

“கேக்காம எடுத்ததுக்கு உபகாரம்னு பேரா?” என்றார் அவர்.



கம்ப்யூட்டர் போனது. கோர்ட்டுக்கு நடந்து செருப்புத் தேய்ந்தது. மனைவி நல்லம்மாள் மலைக்குக் கூட்டிப்போய்ச் சத்தியமே வாங்கினாள். எல்லாவற்றையும் அழித்துவிட்டதாகச் சொன்னான். ஒரு பழைய ஹார்டு டிஸ்க் மட்டும் சாமி படத்துக்குப் பின்னால் தங்கிவிட்டது. அவனுக்கு அந்தப் பாட்டு பிடிக்கும், அவ்வளவுதான்.

இப்போது அதை எடுத்து நீட்டினால் மறுபடியும் கோர்ட் வாசல்தான். நல்லம்மாள் முகத்தில் எப்படி முழிப்பது?

“எங்கிட்ட இல்லைங்க அம்மணி.”

“இருக்கும்ங்க.” அவள் குரலை உயர்த்தவில்லை. “நீங்க அழிச்சிருக்க மாட்டீங்கன்னு அப்பாதான் எழுதிக் காட்டுனாரு.”

எந்த அப்பா, எதற்கு எழுதிக் காட்ட வேண்டும் என்று கேட்க வாயெடுத்தவன், அவள் கண் போன பக்கம் பார்த்தான். கடைக்கு எதிரே ஒரு கார். முன்சீட்டில் தோமினிக். ஆள் பாதியாக இளைத்திருந்தார். கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி.

“கேன்சருங்க. குரல்வளையையே எடுத்துட்டாங்க. போன்ல இருக்கறதெல்லாம் நோவு வந்தப்புறம் பேசுன கரகரப்பு. மாதிரிப் பிரதி எல்லாத்தையும் சிடி வந்த அன்னைக்கே அப்பா ஒடச்சுப் போட்டுட்டாரு. ரிக் வண்டிக்காரங்ககிட்டயும் கேட்டுப் பாத்துட்டோம், இல்ல. அவரு நல்லாப் பேசுனது உங்ககிட்ட மட்டும்தான் இருக்கு.”

காளியண்ணன் சாமி படத்துக்குப் பின்னால் கையை விட்டான்.

ஸ்பீக்கரைத் தெருப் பக்கம் திருப்பி வைத்தான். முதல் சரணம் முடிந்தது. பிறகு அந்தக் குரல் வந்தது, கணீரென்று. அவன் வருடக்கணக்காகத் திட்டித் தீர்த்த குரல்.

‘இது மாதிரிப் பாடல். அனுமதியின்றி நகல் எடுக்காதீர்கள்.’

ஜோஸ்லின் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். காருக்குள் தோமினிக்கின் உதடுகள் ஒரு சொல் பிசகாமல் கூடவே அசைந்தன.

ஜோஸ்லின் நீட்டிய பென்டிரைவைச் செருகிவிட்ட காளியண்ணனின் விரல் மவுஸ் மேலேயே நின்றது. ஆயிரம் பேருக்கு அழுத்திக் கொடுத்த விரல்தான். என்னவோ இன்றைக்கு அழுத்த வரவில்லை.

எழுந்து போய் கார் ஜன்னலருகே குனிந்தான்.

“காப்பி எடுக்கட்டுங்களா, வாத்தியாரே?”

தோமினிக், பழைய கண்டிப்பு மாறாமல், ஒரே ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார்.