இரண்டு விரல்

காரை நிறுத்தினான். இன்ஜினை நிறுத்தவில்லை.

“எந்தக் கடைங்க நல்லா இருக்கும்?” என்றாள்.

ஈப்போவின் அந்தத் தெருவில் மூன்று சீனக் கடைகள். மூன்றிலும் டிம்சம், மூங்கில் கூடையில் ஆவியில் வேகும் சீனப் பலகாரம். சிவப்புப் பலகை, பச்சைப் பலகை, முனையில் நீலப் பலகை.

“எனக்கு எப்படிம்மா தெரியும்?” என்றான்.

தெரியும்.

சிவப்பில் இறால் கொழுக்கட்டை. தோல் கண்ணாடி மாதிரி. உள்ளே இறால் வெட்கப்படுவது வெளியே தெரியும். பச்சையில் தோல் தடிப்பு. ஆனால் கோழிக்கால் அங்கேதான். வாயில் வைத்தால் எலும்பு தானாக விடைபெற்றுக்கொள்ளும். முட்டை டார்ட்டுக்கு மறுபடி சிவப்புக்கே வரவேண்டும்.

இவ்வளவும் அவன் கற்றது புரட்டாசியில்.

மகளுக்கு மருத்துவப் படிப்பில் இடம் கிடைக்கவேண்டுமென்று இருவரும் சேர்ந்து எடுத்த விரதம். மாதம் முழுக்கச் சைவம். சனிக்கிழமை விடிகாலையில் அவள் மஞ்சள் சேலையில் பஜனைக் குழுவோடு பெருமாள் கோயிலுக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் பூங்காவுக்கு நடக்கப் போனான்.

பூங்கா இந்தத் தெருவின் கோடியில்.

முதல் ஞாயிறு, மூங்கில் கூடைகளின் ஆவியை மோந்து பார்த்ததோடு சரி. அடுத்த ஞாயிறு, உள்ளே போய் டீ மட்டும்.

பிறகு அந்த ‘மட்டும்’ போய்விட்டது.

மகளுக்கு இடம் கிடைத்தது. புரட்டாசி நேற்றோடு முடிந்தது. கொண்டாட அவளேதான் கூப்பிட்டாள்.

“சைவத்துக்கே உங்களுக்கு உடம்பு வச்சிருச்சு பாருங்க,” என்றாள், அவனுடைய சீட் பெல்ட்டைப் பார்த்து.

“உனக்குந்தான்.”

“எனக்குப் பிரசாதம்.”

சிவப்புக் கடை வாசலில் ஆ லிங் நின்றிருந்தாள். உள்ளே கூடை வண்டி தள்ளுகிறவள். காரைப் பார்த்தாள். கையை ஆட்டினாள். பிறகு இரண்டு கையையும்.

“யாருங்க அது? உங்களுக்கா கை காட்டுது?”

“பின்னாடி லாரிக்காரனுக்கு.”

பின்னால் லாரி இல்லை. அவள் திரும்புவதற்குள் காரை நகர்த்தினான்.

மாட்டினால் இன்றோடு முடியாது. நாளைக்கு மகளுக்கு ஊசி போடக் கை நடுங்கினால், அந்த இறாலால்தான் என்பாள். ஒரு பாடத்தில் கோட்டைவிட்டால், கோழிக்கால். கல்யாணம் தள்ளிப்போனால் முட்டை டார்ட்டைத் தோண்டி எடுப்பாள்.

“நீலத்துக்குப் போலாம், லோகா.”

அங்கே மட்டும் அவன் கால் வைத்ததில்லை.

“நீலமா?” அவள் குரல் கொஞ்சம் ஏறியது. “வேணாங்க. அங்க ஒரே கூட்டமா இருக்கும்.”

கண்ணாடி வழியே காலி மேசைகள் தெரிந்தன.

“சிவப்புதான் பாக்கச் சுத்தமா இருக்கு.”

“அதுல எண்ணெய் ஜாஸ்தியாம்.”

“யாரு சொன்னா?”

“வேலை எடத்துல. தேவேந்திரன்.”

“அவரும் வெரதந்தானே இருந்தாரு?”

“போன வருஷம் சொன்னான்லா!”

நீலக் கடையில் உட்கார்ந்தார்கள். அவன் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

காரணம் இருந்தது. இந்தக் கடைகளில் யாராவது டீ ஊற்றினால் வாய் திறந்து நன்றி சொல்வதில்லை. இரண்டு விரலை மடக்கி மேசையில் மெல்லத் தட்டினால் போதும். சீனர் வழக்கம். ஆ லிங் சொல்லிக்கொடுத்தது. இப்போதெல்லாம் விரல்கள் அவனைக் கேட்பதே இல்லை. நேற்று வீட்டில் லோகா காப்பி ஊற்றியபோதுகூட எழுந்துவிட்டன. கொசு அடித்துச் சமாளித்தான்.

வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் டீ ஜாடியோடு வந்தார்.

லோகா மெனு அட்டையை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தாள்.

“பேரே வாய்ல நொழையல,” என்றது அட்டை. “எது என்னன்னே புரியல. நீங்களே பாத்துச் சொல்லுங்க. எனக்கு இதெல்லாம் எங்க…”

அவள் கோப்பையில் டீ விழுந்தது.

அட்டைக்குக் கீழே ஒரு கை நீண்டது. இரண்டு விரல் மடங்கியது.

டொக், டொக்.

அட்டை அசையவில்லை. பேச்சு மட்டும் நின்றுவிட்டது.

வழுக்கைத் தலைக்காரர் அவனைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். பிறகு அட்டையிடம் பாதித் தமிழில் கேட்டார்.

“அக்கா, இன்னிக்கு ஞாயிறு வந்திருக்கு? மஞ்சச் சேல அக்காங்க எல்லாம் எங்க? பெரிய மேச வேணாமா?”

அட்டை மெதுவாக இறங்கியது. முதலில் குங்குமம் தெரிந்தது. அப்புறம் கண்கள்.

அவன் ஒரு வார்த்தை கேட்டால் போதும். இனி எந்த ஊசிக்கும், எந்தப் பரீட்சைக்கும் அவன் பதில் சொல்லவேண்டியதில்லை. ஆயுளுக்கும் அவன் கேட்கலாம், அவள் கேட்டுக்கொள்ளவேண்டும்.

அவள் காத்திருந்தாள்.

டீ ஜாடி அவன் பக்கம் வந்தது.

அவன் தொடைக்கு அடியிலிருந்து கையை எடுத்தான். மேசைமேல் வைத்தான்.

அவன் கோப்பையில் டீ விழத் தொடங்கியது. அவள் அவனுடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.