பால் மறக்கடிக்க

"அம்பத்திரண்டு நாளாச்சு. இந்தத் தடவை நிச்சயம்தான்!" என்றான் அவன், ஷூவைக்கூடக் கழற்றாமல்.

"காலையிலேயே டெஸ்ட் பண்ணிப் பார்த்துட்டேன். இல்லைங்க," என்றாள் மனைவி. ஜன்னலை அகலத் திறந்து, கழுத்து வேர்வையைத் துண்டால் ஒற்றிக்கொண்டாள். வெளியே சில்லென்று மழைக்காற்று.

அவன் நாற்காலியில் சரிந்தான். டிரைவிங் ஸ்கூல் வேலை. நாள் முழுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்காகப் பிரேக்கை மிதித்து மிதித்துக் கால் மரத்துப்போயிருந்தது. அதைவிட அலுப்பு, மாதாமாதம் நம்பி ஏமாறுவது.

"பின்ன ஏன் இப்படித் தள்ளித் தள்ளிப் போகுது?"

"பால் குடுக்கிறவளுக்கு அப்படித்தான் இருக்கும். எத்தனை தடவை சொல்றது?"

"அப்போ நிறுத்தித் தொலையேன். பாப்பாவுக்கு ரெண்டரை வயசாச்சு. பொண்ணு கல்யாணத்தன்னைக்கும் மடியில போட்டுக்குவாளான்னு என் அக்கா உன்னைக் கேலி பண்றா."

"பாப்பா விட மாட்டேங்கிறாளே!"

மகளைத் தூக்கிக்கொண்டு படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். சாத்திய கதவை யாரும் தட்டக்கூடாது. குழந்தை பிறந்ததிலிருந்து வீட்டில் அதுதான் சட்டம்.

அவனுக்குப் புரியவே இல்லை. இன்னொரு குழந்தை வேண்டும் என்று முதலில் ஆசைப்பட்டவளே அவள்தான். லேப் டெக்னீஷியன், விவரம் தெரியாதவளும் இல்லை. இரவெல்லாம் போர்வையை உதைத்துத் தள்ளிப் புரள்கிறாள். காலையில் சாவியை எங்கே வைத்தோம் என்று தெரியாமல் எரிந்து விழுகிறாள். ஏன் என்று கேட்டால் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்: பால்.

வெள்ளிக்கிழமை அவனே துணிந்துவிட்டான். "மூணு நாள் அக்கா வீட்டில இருக்கட்டும். தன்னால மறந்துடுவா."

"வேண்டாங்க," என்றாள் அவள். முகம் வெளுத்துவிட்டது. அவன் காதில் போட்டுக்கொள்ளாமல் குழந்தையைக் காரில் ஏற்றினான்.

திங்கட்கிழமை சாயங்காலம் அக்காவே குழந்தையைக் கொண்டுவந்து இறக்கினாள்.

"என்னமோ பயமுறுத்தினியேடா! ஒரு தடவைகூடப் பால் கேட்கலை. ராத்திரியானா, கதவைச் சாத்து, முயல் கதை சொல்லுன்னுதான் அடம். முயலுக்கு நான் எங்கேடா போவேன்?"

அக்கா கிளம்பியதும் அவன் முகமெல்லாம் சிரிப்பு.

"பார்த்தியா? மூணே நாள்! சுத்தமா மறந்துட்டா. இனிமே உனக்கு எல்லாம் ஒழுங்காயிடும். அடுத்த வருஷம் இந்நேரம்..."

"அவ மறந்து ஏழு மாசமாச்சுங்க."

அவன் சிரிப்பு பாதியில் நின்றது. அவள் குழந்தையின் தலையைத் தடவியபடியே, அவனைப் பார்க்காமல் சொன்னாள்.

"உள்ளே முயல் கதைதான் சொல்லிட்டிருந்தேன். பாலை நிறுத்தினா சரியாயிடும்னுதான் நானும் நம்பினேன். ஆகலை. என் ரத்தத்தை ரெண்டு தடவை டெஸ்ட் பண்ணிட்டேன், டாக்டரும் பார்த்துட்டாங்க. பால் இல்லைங்க காரணம்... முப்பத்தாறு வயசிலேயே எனக்கு பீரியட்ஸே நிக்கப் போகுது."