கடைசிப் பதினாறு பக்கம்

கடைசி அத்தியாயத்தைக் காணோம்.

நிஸ்ரின் நாவலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முழுசாகப் பதினாறு பக்கம். யாரோ கிழித்திருந்தார்கள், அதுவும் ஒரு பிசிறுகூட இல்லாமல்.

ரத்தம் தலைக்கேறியது அவளுக்கு. குளச்சல் வாசகசாலையில் நூலகராகச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. இந்த ஒரு நாவலை வாங்க வைக்க அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அடிக்கிற புருஷனை விட்டு வந்த ஒருத்தி, பெற்றவர்களே வீட்டை விட்டு விரட்டிய இன்னொருத்தி, அந்த இரண்டு பேருக்கும் நடுவில் வருகிற காதல். அதற்கே கமிட்டியில் அந்தக் குதி குதித்தார்கள்.

எல்லாரையும்விட அதிகமாகக் குதித்தவர் பொன்னுலிங்கம். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர்.

"பொம்பளையும் பொம்பளையும் சினேகிக்க கதை. இத வாங்கி வச்சு யாருக்கு என்னத்தப் படிப்பிக்கப் போறிய?" என்று மேசையில் அடித்தவர்.

நிஸ்ரின் பதிவேட்டைப் புரட்டினாள். சனிக்கிழமை சாயங்காலம் எடுத்து, இன்று காலையில் திருப்பிக் கொடுத்திருப்பது அதே பொன்னுலிங்கம்.

முப்பது வருஷம் டிக்கெட் கிழித்த கை. பிசிறு எப்படி வரும்?

போன் அடித்தது. ஜஸீனா. தேங்காப்பட்டணத்தில் டீச்சர். மத்தியானம் ஒரு மணிக்கு வாசகசாலை காலியாகிவிடும். சோற்றைப் பிசைந்துகொண்டே, போனை ஸ்பீக்கரில் போட்டு, தினமும் ஓர் அத்தியாயம் அவளுக்கு வாசித்துக் காட்டுவாள் நிஸ்ரின்; தனியாக முன்னே போய் வாசிப்பதில்லை. முகத்தில் பேப்பரைப் போட்டுக்கொண்டு மூலை பெஞ்சில் உறங்கும் பொன்னுலிங்கத்தை ஓர் ஆளாக அவள் கணக்கில் எடுத்ததில்லை.

"ஏட்டி, இன்னைக்கு கதை முடிஞ்சிரும் இல்லியா?" என்றாள் ஜஸீனா. "நாகர்கோவில்ல அந்த வாடகை வீட்டுக்காரரு வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் கேக்காரு. அந்த ரெண்டு பேரும் சேந்து பொழச்சுக்கிட்டாளுவன்னா நாமளும் பொழச்சுக்கிடலாம். எனக்கு அந்த ஒரு தைரியம் போதும் மக்கா."

ஜஸீனா சும்மா சொல்லவில்லை. நிச்சயம் பண்ணின கல்யாணத்தை வேண்டாம் என்று சொன்னதிலிருந்து அவள் வீட்டில் யாரும் அவள் முகம் பார்த்துப் பேசுவதில்லை. ஒரு வீடு, ஒரு சாவி, இரண்டு பேர். அதற்கு 'சரி' சொல்லத்தான் ஒரு மாசமாகப் பயந்துகொண்டிருக்கிறாள்.

"போன வை. பெறகு கூப்பிடுதேன்."

நிஸ்ரின் எழுந்து போய் மூலை பெஞ்சில் கிடந்தவரின் முகத்திலிருந்து பேப்பரை உருவினாள்.

"எந்திரிங்க அண்ணாச்சி!"

"என்ன பிள்ளே?"

"இதுல கடைசி அத்தியாயம் எங்க?"

அவர் நாவலைப் பார்த்தார். பொய் சொல்லவில்லை.

"நான்தான் கிழிச்சேன்."

"எங்க வச்சிருக்கிய?"

"அடுப்புல போட்டாச்சு."

நிஸ்ரின் நாவலை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"புடிக்கல்லன்னா வாசிக்காம இருக்கணும். கிழிக்கதுக்கு நீங்க யாரு? எனக்க மாப்பிள்ளையா இருந்தானே ஒருத்தன், அவனும் இப்பிடித்தான். நான் எதை வாசிக்கணும், எதை வாசிக்கப்பிடாதுன்னு அவன்தான் முடிவு பண்ணுவான். புக்கக் கிழிச்சு எனக்க மூஞ்சியில எறிவான். அவன விட்டுட்டு வந்தது ஒங்ககிட்ட மாட்டிக்கிடதுக்கா?"

பொன்னுலிங்கம் எழுந்தார். சட்டைப்பையிலிருந்து உறுப்பினர் அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். குடையை எடுத்துக்கொண்டு வாசல்வரைக்கும் போனார்.

"பதில் சொல்லாம போனா எப்பிடி? கமிட்டியில எழுதிக் குடுக்கத்தான் போறேன்!"

அவர் திரும்பினார்.

"எழுதிக் குடு. இந்தக் காரியம் எனக்கு இப்பவும் புடிக்கல்ல. அத ஒளிக்க மாட்டேன்."

"அப்பொ எதுக்கு எடுத்துட்டுப் போனிய? கிழிக்கதுக்குன்னேவா?"

"நான் கண்ண மூடிக் கெடந்தா உறங்குதேன்னா அர்த்தம்? தினமும் நீ வாசிக்கதும் அந்தப் பிள்ள பேசுததும் காதுல விழத்தான செய்யும்? கதை எப்பிடி முடியுமோ அப்பிடித்தான் ஒங்க வாழ்க்கையும்னு ரெண்டுபேரும் நெனச்சுட்டு இருக்கிய. அதான் ஒனக்கு முன்னாடி நான் வாசிச்சுப் பாத்தேன்."

நிஸ்ரின் மூலை பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள்.

பொன்னுலிங்கத்தின் கண் சிவந்திருந்தது. இப்போது அவள்மேல் கோபமில்லை அவருக்கு. வேறு யார்மேலோ.

"அந்தப் பிள்ளைட்ட சொல்லி வீட்டுக்காரனுக்கு 'சரி'ன்னு பதில் குடு. எழுதுன பாவி, ரெண்டு பேரையும் முட்டம் பாறையில கொண்டு நிறுத்தி, கடல்ல சாடிச் சாக வச்சில்லா கதைய முடிச்சிருக்கான்!"