நாலாவது ஓட்டை

"நீதான் ஓட்டை போட்டுருக்க, எனக்குத் தெரியாதா?"

"ஆமா, எருமை கனத்துக்கு இருக்க மெஷின நான் கையாலயே சுத்துனேன்! மோட்டாரே காயில் கட்டுற கடையிலதான கெடக்கு? மறந்துட்டீங்களா?"

வல்லத்திராக்கோட்டை நிலவழகன் வீட்டில் வியாழக்கிழமை காலை நடந்த புருஷன் பெண்டாட்டி சண்டை இது. பழைய இரும்புக் கடையில் வாங்கிய டிரில்லிங் மெஷினை வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் வைத்து, ஒரு மாதமாகத் துரு எடுத்துக்கொண்டிருந்தார். ரிப்பேருக்குக் கொடுத்த மோட்டார் வந்ததும் ஓட்டலாம் என்று சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு வேப்பம்பலகையில் கீல் மாட்ட மூன்று பென்சில் புள்ளிகள் குறித்து, மெஷின் தட்டில் போட்டிருந்தார். காலையில் பார்த்தால் முதல் புள்ளியில் சுத்தமாக ஓர் ஓட்டை.

மெஷின் வந்த நாளிலிருந்தே மனைவி சுடர்விழிக்கு அதைப் பிடிக்காது. அதைத் தூக்கிப்போட வைக்கத்தான் இப்படிச் செய்கிறாள் என்று நினைத்து, அன்று கொட்டகையைப் பூட்டிச் சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை திறந்தார். மூன்று புள்ளியிலும் ஓட்டை இருந்தது. புள்ளி வைக்காத இடத்தில் நாலாவதாகவும் ஒன்று இருந்தது. மரத்தூளைத் தொட்டார். சுட்டது.

துளை போடும்போது பிடிப்பதுபோல் பலகையை இடது கையால் அமுக்கிப் பார்த்தார். நாலாவது ஓட்டை அவர் உள்ளங்கைக்கு நேர் கீழே வந்தது.

"இதுவும் நாந்தானா?" என்றாள் வாசலில் நின்ற சுடர்விழி.

மோட்டார் வந்துவிட்டது. நிலவழகன் இன்னும் மாட்டவில்லை. பக்கத்து வீட்டுக்காரனான என்னிடம் கேட்டார், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பழைய மெஷின் ஓட்டிய அனுபவம் உள்ளவர்கள், மாட்டலாமா வேண்டாமா என்று தயவுசெய்து பதில் போடுங்கள்.