நட்டநடுவில்

வால்வு முனையில் பூசிய கறுப்பு மையை, வால்வை அழுத்தும் ராக்கர் தேய்த்த தடம், நடுவில் விழாமல் ஓரத்தில் பளபளக்கிறது. என்ஜினைக் கையால் சுற்றிப் பார்த்த அக்காவுக்குக் கோபம் தலைக்கேறுகிறது. அந்த மையை உள்ளங்கையால் வழித்தெடுக்கிறாள். "ராக்கரைத் தள்ளுற புஷ்ராடு கம்பி நீளம் கூடிப்போச்சுடா! அளந்து பார்க்காம பழைய அளவுக்கே எட்டையும் வெட்டிட்டு வந்திருக்கியே, கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?" அவள் வீசிய ஸ்பேனர் தகரத் தட்டில் விழுந்து கணகணக்கிறது. தம்பி அழுக்குத் துணியில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைக்கிறான். "என்ஜின் ஹெட்டைச் சீவி உயரத்தைக் குறைச்சது நீ. என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?" ஜன்னல் வெயிலில் எட்டுக் கம்பிகளும் புதுசாக மின்னுகின்றன. அக்கா அந்த உள்ளங்கையால் தன் நெற்றியில் தானே படீரென்று அடித்துக்கொள்கிறாள். இந்தமுறை மை நட்டநடுவில் விழுகிறது.