மாங்கேணியில் கைமாறும் திறப்பு

வெக்கையான கச்சான் காற்று மணலை வாரித் தார்ரோட்டில் கொட்டுகிறது. மோட்டார் சைக்கிளின் இருக்கை சுடாமலிருக்க அதன்மேல் ஈரச்சாக்கைப் போட்டிருக்கிறோம். திருகோணமலையிலிருந்து மாங்கேணிவரை என் கணவர் உதயரூபன் ஓட்டி வந்தார். இங்கிருந்து குருக்கள்மடத்திலுள்ள எங்கள் வீடுவரை நான் ஓட்டலாம் என்று புறப்படும்போது சொல்லியிருந்தார். எனக்கு லைசன்ஸ் கிடைத்து ஒரு மாதம். அதற்காகவே இன்று சேலையை விட்டுச் சுடிதார் போட்டிருக்கிறேன். மோட்டார் சைக்கிளைக் கிளப்பும் திறப்போ இன்னும் அவருடைய சட்டைப்பையில். வழியோரம் வெள்ளரிப்பழம் விற்கும் புஸ்பமக்கா வெட்டித் தந்த துண்டைச் சீனி தொட்டு, அவசரமே இல்லாமல் தின்கிறார். நான் கேட்கமாட்டேன். கேட்டு வாங்கினால் அது அவர் தந்ததாகாது.

"சரியான வெயில் புள்ள. உனக்கு ஏலுமா?" என்கிறார்.

"பின்னால இருந்தாலும் அதே வெயில்தானே."

புஸ்பமக்கா சிரிக்கிறார். "தம்பி, இறுக்கிப் பிடிச்சிருங்க. விழுந்தா இந்தப் பழம் மாதிரி வெடிச்சிருவீங்க."

உதயரூபன் விரல்களைக் கழுவி, சட்டையில் துடைத்து, திறப்பை என் உள்ளங்கையில் வைக்கிறார். அது அவருடைய உடம்புச் சூட்டோடு இருக்கிறது. வழக்கமாக என் மடியில் வரும் பை இப்போது அவர் மடியில். கைகளை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. பதினெட்டு வருடங்களாக நான் சேலையோடு ஒருபக்கம் திரும்பி உட்கார்ந்து, திருகோணமலைக்குப் போகும்போது களப்பு நீர்ப் பக்கத்தையும் வீட்டுக்கு வரும்போது கடற்பக்கப் பனைகளையும் மட்டுமே பார்த்த பாதை இது. கியரைப் போடுகிறேன். இரண்டு பக்கமும் ஒன்றாக என்னை நோக்கி வருகின்றன.