கடைசி வரிசை மாப்பிள்ளை

"அந்தத் தம்பிக்குப் பொண்ணு கொடுக்க எனக்கு இஷ்டமில்லை. இன்னிக்கே நேர்ல போய்ச் சொல்லிடப் போறேன்."

துணிக்கடைக்காரர் சொன்னதும் மனைவியின் முகம் வாடியது.

"மேனேஜர் வேலை, சொந்தக் கார். நம்ம பொண்ணுக்கும் பிடிச்சிருக்கு. வேற என்னங்க வேணும்?"

"மார்க்கப் பற்று வேணும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பாக்கறேனே! கோட்டும் டையுமா வந்து கடைசி வரிசையில, செருப்புக்குப் பக்கத்துல நிக்கிறாரு. தொழுகை முடிஞ்சதும் முடியாததுமா காரைக் கிளப்பிடறாரு. கடைசியில கையேந்திக் கேக்கற துஆவுக்குக்கூட உக்காரறதில்லை. பணமே கதின்னு கிடக்கறவரு!"

துணிக்கடைக்காரர் அப்படியில்லை. தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொல்லும் முன்பே முதல் வரிசையில் இடம் பிடித்துவிடுவார். பள்ளிவாசல் காலியான பிறகுதான் எழுந்திருப்பார். ஜமாஅத்தில் அவருக்கு 'முதல் வரிசை' என்றே பட்டப்பெயர். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அன்றும் ஜும்ஆ தொழுகை முடிந்ததும் கார் பறந்தது. வழக்கத்துக்கு மாறாக இவரும் உடனே எழுந்து, ஸ்கூட்டரில் பின்னாலேயே போனார்.

கம்பெனி கேட்டில், வாட்ச்மேனின் நாற்காலியில், கோட்டும் டையுமாக அந்தத் தம்பிதான் உட்கார்ந்திருந்தார். லாரி ஒன்று வர, ஓடிப்போய்க் கேட்டைத் திறந்துவிட்டார்.

"என்ன தம்பி, மேனேஜர் இங்க உக்காந்திருக்கீங்க?"

தம்பி பதறிப்போய் நாற்காலியை இவர் பக்கம் நகர்த்தினார். "உக்காருங்க மாமா. வாட்ச்மேன் ஜும்ஆவுக்குப் போயிருக்காரு. நம்ம பள்ளிவாசல்ல முடிஞ்ச கால் மணி நேரத்துல, அடுத்த தெருப் பள்ளிவாசல்ல ஆரம்பிச்சுடும். நான் ஓடி வந்தாத்தான் அவருக்குத் தொழுகை கிடைக்கும். கேட்டை ஆளில்லாம விட முடியாதே."

"வேற யாரையாவது உக்கார வைக்கலாமே?"

"அவங்களுக்கும் வெள்ளிக்கிழமைதானே மாமா?" என்று சிரித்தவர், பேச்சோடு பேச்சாகக் கேட்டார்: "உங்க கடையில துணி எடுத்துக் காட்டறவரு எந்தப் பள்ளிவாசலுக்குப் போவாரு?"

பத்து வருஷமாக வெள்ளிக்கிழமை மதியம் கடையைப் பார்த்துக்கொள்கிறவர் அந்த மனிதர்தான். தொழப் போகணுமா என்று ஒரு நாள்கூட இவர் அவரைக் கேட்டதில்லை. துணிக்கடைக்காரரை வெட்கம் பிடுங்கித் தின்றது.

போன் அடித்தது. மனைவி.

"சொல்லிட்டீங்களா? இங்க இவ அழுதுக்கிட்டே இருக்கா. பொண்ணு கொடுக்கறோமா, இல்லையா?"

அவர் நாலடி தள்ளிப்போய், குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நாம கொடுக்கறது இருக்கட்டும். நம்ம கடை லட்சணம் தெரிஞ்சா, அந்தத் தம்பி நம்ம வீட்டுல பொண்ணு எடுப்பாரா?"